பெயர் ஒன்று, சில்லு வேறு!

விரலளவுள்ள யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரை லினக்ஸ் கணிப்பொறியில் செருகுகிறீர்கள். இணைப்பு வரவில்லை. உடனே "அடாப்டர் கெட்டுவிட்டது" என்றோ, "லினக்ஸ் லாயக்கில்லை" என்றோ தீர்ப்புக் கூறலாமா? கூடாது. நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் உண்டா?

தடை எங்கே என்று படிப்படியாகத் தேட வேண்டும். யு.எஸ்.பி. கருவி எதுவாயினும், செருகியவுடன் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கணிப்பொறிக்குச் சொல்லும். 'எல்-எஸ்-யு-எஸ்-பி' என்ற கட்டளை அவற்றைக் காட்டும். எண்களே தெரியவில்லையெனில், அடாப்டரை வேறு துளையில் செருகிப் பாருங்கள். தெரிந்தால், அந்த எண்ணுக்குரிய டிரைவர் ஏறியுள்ளதா என்று 'எல்-எஸ்-மாட்' மூலம் அறியலாம். டிரைவரும் இருந்தால், சில்லுக்குள் செல்லவேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்காதிருக்கலாம். 'டி-எம்-இ-எஸ்-ஜி' காட்டும் குறிப்புகளில் அது பதிவாகியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். சோதனைச்சாலை விதியும் அதுதானே?

இப்படித் தேடினால் ஒரு விந்தை புலப்படும். டி.பி.-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யு.என்.722என் என்ற அடாப்டரின் முதல் பதிப்பில் இருந்தது ஏத்திரோஸ் நிறுவனத்தின் ஏ.ஆர்.9271 சில்லு. அதன் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே உண்டு. ஃபர்ம்வேரின் மூலநிரலும் 2013-ல் வெளியிடப்பட்டது. இரண்டாம் பதிப்பிலோ ரியல்டெக் சில்லு! ஒன்றின் டிரைவர் மற்றதற்கு உதவாது. பதிப்பு எண் மாறியது. மாடல் பெயர் மாறவில்லை. "இது லினக்ஸில் நன்றாக ஓடும்" என்ற நண்பரின் சொல்லை நம்பி வாங்கும் மாணவர் என்ன செய்வார்? பழுதில்லாத கருவி குப்பைக்குப் போகும். பெற்றோரின் பணமும் வீணாகும்.

சில்லை மாற்றுவது தயாரிப்பாளரின் உரிமை எனலாம். உண்மைதான். ஆனால் மருந்துப் பெட்டியில் உட்பொருள் அச்சிடப்படுகிறதே! பழைய பெயரிலேயே வேறு மருந்தை விற்றால் ஏற்போமா? சில்லின் பெயரைப் பெட்டியில் அச்சிட ஒரு வரி போதும். அது இயங்கும் முறையையும் வெளியிட்டால், டிரைவர் எழுத ஆர்வமுள்ளோர் பலர் முன்வருவர்.

ஆகவே, கடைக்குச் செல்லும்போது விலையைக் கேட்குமுன் சில்லின் பெயரைக் கேளுங்கள். கேட்போர் பெருகினால், அச்சிடுவோரும் பெருகுவர்.