ஆன்லைன் டிகிரி செல்லுமா, டீச்சர்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், ஆன்லைன்ல எம்பிஏ போடலாமா?", "அத்தை, பாப்பாவை வீட்ல இருந்தே பி.காம். படிக்க வச்சா செல்லுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் இருக்கிற கடன் சங்கதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

செல்லுமா என்றால், செல்லும். யூஜிசி 2020 செப்டம்பரில் திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கென்று ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அதில் 22ஆம் விதி, அனுமதி பெற்ற இந்தப் பட்டங்கள் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்கிறது. பிறகும் ஆட்கள் சந்தேகப்பட்டார்கள் போல, 2022 செப்டம்பரில் இன்னொரு முறை அறிவிப்பாகவே சொன்னார்கள். ஆகவே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "அவ தபால்ல படிச்சவதானே" என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு பேலன்ஸ் ஷீட் போடக் கற்றுக்கொடுத்த இந்த டீச்சரும் தபாலில் எம்.காம். படித்தவள்தான்.

1986இல் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் சேர்ந்தேன். மூத்தவனுக்கு இரண்டு வயது. பாடப் புத்தகங்கள் பார்சலில் வரும். தபால்காரர் அதைத் திண்ணையில் 'தொப்'பென்று போட்டுவிட்டுப் போவார். காலையில் நாலரை மணிக்கு எழுந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, அரிசி வேகிற நேரம்தான் என் வகுப்பு நேரம். தொடர்பு வகுப்புக்கு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, திருமங்கலம் தாண்டி, மதுரையில் இறங்கி, தேனி ரோட்டில் பல்கலை நகருக்கு இன்னொரு பஸ். போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனால் அந்த வகுப்புகளுக்காகத்தான் நான் முழுதாகப் படித்து முடித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். பக்கத்து பெஞ்சில் ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க், அந்தப் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா. மூன்று பேரும் மேலாண்மைக் கணக்கியலில் ஒரு கணக்குக்கு மூன்று விடை கொண்டுவந்து சண்டை போடுவோம். "உனக்கு எப்படி இந்த நம்பர் வந்தது?" என்று ஒருத்தர் கேட்டால்தான் நாம் போட்டது நமக்கே விளங்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்: உன்னிடம் யாராவது கேள்வி கேட்கிறார்களா?

2009இல் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி. கெட்டிக்காரி, கணக்குப்பதிவியலில் 200க்கு 196. இப்போது ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். ஒரு எம்பிஏ இருந்தால் சம்பளம் ஏறும் என்று யாரோ சொல்ல, போனில் ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறாள். அன்றைக்கு ஆரம்பித்தது போன். பேசுகிற பையன் தன்னைக் "கல்வி ஆலோசகர்" என்று சொல்லிக்கொள்வான். தாயி, சேர்த்துவிடுகிற ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருந்தால் அவர் பெயர் விற்பனையாளர். ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுகிறவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜவுளிக் கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து "இன்னிக்கு பன்னிரண்டு மணியோட ஆஃபர் முடியுது மேடம்" என்று சொல்ல மாட்டார்.

கட்டணம் 1,60,000 ரூபாய். "மொத்தமாகக் கட்ட வேண்டாம் மேடம், மாதம் 6,667 ரூபாய், 24 மாதம், வட்டியே இல்லை." ஆதார் நம்பர், பான் நம்பர், பிறகு வந்த ஓடிபி எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிட்டாள். முதல் செமஸ்டர் தேறினாள். இரண்டாவதில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, வேலை, பிள்ளை என்று அலைந்ததில் படிப்பை விட்டுவிட்டாள். "இனி வரவில்லை" என்று மெயில் அனுப்பிவிட்டு, தவணையும் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

பிள்ளைகளா, பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதமே நடத்தியது நினைவிருக்கிறதா? பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. இதில் தந்தது யார்? ஒரு நிதி நிறுவனம். சேர்ந்த வாரமே உங்கள் பெயரில் கடன் எழுதி, கட்டணத்தை அங்கே கொடுத்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் ஏட்டில் உங்கள் கணக்கு அன்றைக்கே முடிந்தது. நீங்கள் மாதாமாதம் கட்டுவது கட்டணமே இல்லை; அது கடன். படிப்பை நிறுத்தலாம், கடன் நிற்காது. அவளுக்கு மூன்று தவணை திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் வங்கி அபராதம் பிடித்தது. சிபில் மதிப்பெண் இறங்கியது. அடுத்த வருடம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போட்ட மனு அதனாலேயே நின்றுபோனது. அஸ்திவாரம் போட்ட வீடு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.

"பணம் போகட்டும், படிப்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "வீடியோ ஓடும் டீச்சர். ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டிவிட்டு, கடைசில இருக்கிற நாலு சாய்ஸ்ல ஒண்ணைத் தட்டுவோம். யாரும் என்கிட்ட ஒண்ணுமே கேட்கல" என்றாள். இரண்டு மாதம் அவள் பாடத்தைத் திறக்கவே இல்லை. அங்கே ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது நிதி நிறுவனம் மட்டும்தான்.

ஆன்லைன் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் ஒன்றுவிட்ட தங்கை மகன் பெங்களூருவில் வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் கணினி அறிவியல் முதுகலையை ஆன்லைனில் முடித்தான். அந்தப் படிப்பு 2014 ஜனவரியில் ஆரம்பித்தது. தொடங்கியபோது மொத்தப் படிப்புக்கும் 7,000 டாலருக்குள்தான் என்று சொல்லி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். பத்துப் பாடங்கள். பட்டமும் வளாகத்தில் படித்தவர்களுக்குக் கொடுக்கிற அதே பட்டம். அவன் ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம், துணிந்தால் இரண்டு என்று எடுத்து, மூன்றரை வருடத்தில் முடித்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பான், "என்னடா, பலகாரம்கூட வேண்டாமா?" என்றால் "பெரியம்மா, நாளைக்குள்ள ப்ராஜெக்ட் அனுப்பணும்" என்பான். எழுதி அனுப்பிய புரோகிராமை ஆள் வைத்துத் திருத்தி, எங்கே தப்பு என்று எழுதி அனுப்புவார்களாம். ஒரு பாடத்தில் திணறி, பாதியில் விட்டு, மறுபடி எடுத்தான். சேர்வதைவிட அங்கே தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம் என்பான். எனக்கு அது நல்ல பள்ளிக்கூடத்தின் லட்சணமாகப் படுகிறது.

நம் பக்கத்திலேயே சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டம் இருக்கிறது. அதற்கு ஜேஇஇ தேவையில்லை. ஆனால் சும்மா பணம் கட்டிச் சேரவும் முடியாது. முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள், வாராவாரம் பயிற்சி, பிறகு தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதித் தேற வேண்டும். தேறினால்தான் உள்ளே. அதற்குப் பிறகும் தேர்வுகள் மையத்தில்தான். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால், முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ வாங்கிக்கொண்டு வெளியேறலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரிந்திருக்கிறது. சாதி, வருமானம் பார்த்துக் கட்டணச் சலுகையும் உண்டு. என் மாணவி ஒருத்தியின் மகள் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமும் இதையும் சேர்த்துப் படிக்கிறாள். 2022 ஏப்ரலிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகள் படிக்க யூஜிசி அனுமதிக்கிறது; நிறையப் பேருக்கு இது தெரியவில்லை.

இனி உறவுகளுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பதினெட்டு வயதுப் பெண் பிள்ளையை "ஆன்லைன்ல படிச்சா போதும்" என்று வீட்டில் உட்கார வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கும், குடும்பம் நடத்துகிறவர்களுக்கும், படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் ஆன்லைன் ஒரு வரம். கல்லூரிக்குப் போகக் கால் இருக்கிற, மார்க் இருக்கிற பிள்ளைக்கு அது வேறு. நம் வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். பையனுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங், ஹாஸ்டல், பைக். 540 மார்க் வாங்கிய அக்காவுக்கு ஒரு செல்போனும் ஒரு அறையும். இரண்டாவது மாதமே "சும்மாதானே இருக்கா" என்று கடைக்கு அனுப்புகிறீர்கள், தம்பிக்கு டிபன் செய்யச் சொல்கிறீர்கள். நேரலை வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது தோசை சுட்ட பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். மூன்றாவது செமஸ்டரில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

கல்லூரி என்றால் பாடம் மட்டுமா? பஸ்ஸில் கூட்டத்தில் ஏறி இறங்குவது, ஸ்காலர்ஷிப் படிவத்தோடு ஆபீஸ் ஜன்னலில் நின்று பேசுவது, வேறு ஊர், வேறு சாதிப் பிள்ளைகளோடு ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பது, மேடையேறி உளறிவிட்டு அடுத்த முறை உளறாமல் பேசுவது. இதெல்லாம் எந்த வீடியோவிலும் வராது.

செலவைக் காரணமாகச் சொல்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டிலிருந்து தொலைநிலையில் படித்தால் அந்தப் பணம் கிடையாது. சிக்கனம் என்று நினைத்து எங்கே நட்டப்படுகிறீர்கள் என்று தெரிகிறதா?

சேர்வது என்று முடிவு செய்துவிட்ட பெரியவர்களுக்குச் சில விஷயங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, ஆன்லைனில் நடத்த அனுமதி இருக்க வேண்டும். யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதே தளத்தில் டெப் ஐடி எடுக்க வேண்டும். அதை நீங்களே எடுங்கள், "நாங்க எடுத்துத் தர்றோம்" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேராகக் கட்டுங்கள். இன்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் இவற்றையெல்லாம் ஆன்லைனில் படிக்க முடியாது. தருகிறோம் என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலையும் இந்த முறையில் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கவுன்சிலிங் படிக்க ஆசைப்பட்ட நம் 2014 செட் பிள்ளை இதைக் கவனிக்கவும்.

அனுமதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று போதும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த இன்ஜினீயரிங் பட்டங்கள் சம்பந்தமானது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து, தனியாகத் தேர்வு எழுதித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது என்றே ஆகிவிட்டது. பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கி, பிள்ளைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வயதில் அவர்களுக்கு அந்தச் செய்தி வந்தது.

தமிழக அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பத்து, பன்னிரண்டு, பிறகு இளங்கலை, அதன்பிறகு முதுகலை என்ற வரிசை தப்பக் கூடாது. பன்னிரண்டு இல்லாமல் நேராகப் பட்டம் என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் நேர்காணல் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

மற்றபடி, எம்பிஏ போட்டால் சம்பளம் ஏறுமா என்பதை விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். உங்கள் முதலாளியிடம் கேளுங்கள். "ஏறும்" என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். நூற்பாலைக்காரப் பிள்ளை கடைசியில் அதைக் கேட்டாள். அவர் டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் நன்றாகத் தெரிந்தால் போதும் என்றாராம். இப்போது வாரக் கடைசியில் உள்ளூர் ஆடிட்டர் ஆபீசில் கற்றுக்கொள்கிறாள். பாக்கி இன்னும் ஏழு தவணை. கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக, மதினிக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பேத்தியைச் செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்கு அனுப்புங்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோ எடுத்துவரச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இங்கேயே போட்டுவிடுவோம், பணத்தை நான் கட்டிக்கொள்கிறேன். அண்ணனிடம் நானே பேசுகிறேன். மற்ற பிள்ளைகள் போன் செய்வதாக இருந்தால் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம், தூங்குவேன்.