யாரைக் கேட்டுத் திறந்தார் ராஜாஜி?

திருச்செங்கோட்டுப் பக்கம் ராஜாஜியைக் குறைத்து ஒரு வார்த்தை பேசினால் உடனே பதில் வரும்: "அந்தக் காலத்துலயே ஆசிரமத்துல தீண்டாமை பாக்காதவருங்க அவரு!" பொய்யில்லை. 1925இல் புதுப்பாளையத்தில் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் தலித்துகளும் இருந்தார்கள். 1933இல் தன் மகளைக் காந்தியின் மகனுக்கு, சாதி பார்க்காமல் மணமுடித்துக் கொடுத்தார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வில்லனாக்கி ஒரு மீம் போடுவது சுலபம். அது விமர்சனம் ஆகாது.

என் கேள்வி வேறு. அவருடைய சீர்திருத்தத்தில் முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது?

1938இல் எம்.சி. ராஜா மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. இப்போதைக்கு மலபாருக்கு மட்டும் சட்டம் போதும் என்றார். மசோதா தோற்றது. அடுத்த ஆண்டு மதுரையில் வைத்தியநாத அய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளையும் நாடார்களையும் அழைத்துச் சென்ற பிறகு, அவசரமாக ஒரு சட்டம் வந்தது. அதை வாசித்துப் பாருங்கள். வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம். திறக்க வேண்டும் என்றில்லை, திறக்க'லாம்'. உள்ளே போவது தலித்தின் உரிமையாக அங்கே இல்லை. சாதி இந்து மனமிரங்கித் தரும் அனுமதியாகத்தான் இருந்தது. அது உரிமையாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"அன்றைய சூழலில் அவ்வளவுதான் முடியும். மக்கள் மனம் மாற வேண்டாமா?" என்பார்கள். சரி, மற்ற விஷயங்களில் அவர் யாருடைய மனமாற்றத்துக்குக் காத்திருந்தார்? 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான் இருந்தது. மரமேறிகளிடம் ஒப்புதல் கேட்டா வந்தது? பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார். கைதான தலித் இளைஞர் நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தார்கள். அரசின் கையை ஓங்கத் தெரியாதவரல்ல ராஜாஜி. சாதி இந்துவின் முன்னால் மட்டும் அந்தக் கை கூப்பி நின்றது.

1953இன் கல்வித் திட்டமும் சட்டமன்றத்தைக் கேட்டு வந்ததல்ல. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். 'குலக்கல்வி' என்பது எதிரிகள் வைத்த பெயர், அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். இந்த மண்ணில் ஒரு அருந்ததியர் பையனின் அப்பாவுக்கு என்ன தொழில்? தோல், இல்லாவிட்டால் கவுண்டர் பண்ணையம். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வக்கீல் பிள்ளைக்கு வக்கீல் தொழில், பண்ணையாள் பிள்ளைக்கு ஆட்டுப்பட்டி என்றால், பேர் எதுவானால் என்ன? திட்டம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1954இல் அவர் விலகினார், காமராஜர் அதைக் கைவிட்டார்.

2015 ஜூன் 23. ஓமலூர் தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போனார். வாசலில் யாரும் தடுக்கவில்லை. சட்டம் அதைச் சாதித்திருந்தது. ஆனால் கூட வந்த தோழி கவுண்டர் வீட்டுப் பெண். கடத்தினார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை.

இந்தக் கொலையை ராஜாஜியின் கணக்கில் எழுதவில்லை. எழுதினால் அயோக்கியத்தனம். ஆனால் கதவு திறந்த பிறகும், யார் யாரோடு வரலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதே ஆட்களிடம் இருந்ததே, அதை அவருடைய அரசியல் ஒருநாளும் தொடவில்லை. ஆதிக்கச் சாதியிடம் அனுமதி கேட்கும் சீர்திருத்தம், அனுமதி தரும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது "அந்தக் காலத்துலயே" என்று ஆரம்பித்தால், மரியாதையாகவே கேளுங்கள்: "யாரைக் கேட்டுங்க?"