மந்திரப் பொருளை மதிப்பிடுமாறு

ஒரு பொருள் அரிதாய்க் கிடைப்பதனாலேயே அது பெரும்பயன் உடையதெனக் கருதுதல் மக்கள் இயல்பு. இவ்வியல்பு கடைத்தெருவில் மட்டுமன்று, விளையாட்டிலும் நம்மைத் தொடர்ந்து வருகின்றது. மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் கற்பனை ஆட்டங்களில் வரும் மந்திரப் பொருள்களைப்பற்றி மாணவ நண்பர்கள் நிகழ்த்தும் வாதங்களைக் கேட்டோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். எப்பொருள் சிறந்தது என்னும் வினாவிற்கு அவர்கள் விடை தேடுமிடம் பெரும்பாலும் நூலிற் கண்ட தரவரிசையே. அவ்விடத்து விடை கிடையாது என்பதும், வேறு எவ்விடத்துத் தேடல் வேண்டும் என்பதுமே யான் ஈண்டுக் கூறப் புகுந்தவை.

இவ்வாட்டத்தை அறியாத அன்பர்பொருட்டுச் சில சொற்கள். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. ஒருவர் கதையை நடத்தும் நடுவராய் இருப்பர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய பாத்திரங்களை ஏற்பர். ஒரு பாத்திரம் துணிந்த செயல் கைகூடுமா என்பது ஐயமாயின், இருபது முகங்கொண்ட பகடை அதனை முடிவு செய்யும். குகைகளிலும் பாழ் மாளிகைகளிலும் இவர்கள் அடையும் செல்வத்துள் தலையாயவை மந்திரப் பொருள்கள். மற்ற ஆட்டங்களைப்போல் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது இதன் முடிவன்று. குழுவாய்க் கூடிக் கதையைத் தொடர்வதே இதன் நோக்கம். இதனை வாசகர் நினைவில் இருத்துவாராக.

முதற்கண் தரவரிசையை ஆராய்வோம். இவ்வாட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நடுவர் நூல், பொருள்களைச் சாதாரணம், அருகியது, அரியது, மிக அரியது, புராணப் புகழ் வாய்ந்தது எனப் படிப்படியாக வகுக்கின்றது. பறக்கும் ஆற்றல் தரும் மூன்று பொருள்களை அந்நூலினின்று எடுத்துக்கொள்வோம். பறக்கும் துடைப்பம் 'அருகியது' என்னும் தாழ்ந்த படியில் உள்ளது. சிறகாய் மாறும் போர்வை 'அரியது'. பறக்கச் செய்யும் பானமோ 'மிக அரியது'. தரவரிசையை நம்புவோர் பானத்தையே விரும்பிக் கேட்பர். ஆனால் அப்பானம் ஒருமுறை பருகி ஒரு மணி நேரம் பறந்தபின் தீர்ந்துபோம். போர்வை ஒரு மணி நேரம் சுமந்து, பின்னர்ப் பன்னிருமுகப் பகடை காட்டும் எண்ணளவு மணி நேரம் ஓய்ந்து கிடக்கும். துடைப்பத்திற்கோ கால எல்லை இல்லை, ஓய்வும் வேண்டா, 400 இராத்தல் வரை சுமக்கும். மூன்றனுள் கடைப்பட்ட தரத்ததே முதற்பட்ட பயனுடையது! தரவரிசை கூறுவது யாது? பொருள் எத்துணை அருமையாய்க் கிடைக்கும் என்பதே. கிடைத்தபின் அது எத்துணை உதவும் என்பதனை அது கூறவில்லை.

இனி, தரத்தை விடுத்து எண்ணைப் பற்றுவோர் உளர். 'ஒன்று கூட்டும் வாள்' என்பதனை அவர்கள் எடுத்துக்காட்டுவர். இவ்வாள் ஏந்தினோன், பகடையில் விழுந்த எண்ணோடு ஒன்றும், விளைத்த சேதத்தோடு ஒன்றும் கூட்டிக்கொள்ளலாம். இருபதில் ஒன்று நூற்றுக்கு ஐந்தேயன்றோ எனச் சிலர் இதனை எள்ளுவர். அவர் கணக்குச் சரியன்று. 11-உம் அதற்கு மேலும் விழுந்தால் அடி படும் என்றும், ஓர் அடியின் சராசரிச் சேதம் ஏழரை என்றும் கொள்வோம். சாதாரண வாளினால் வீச்சு ஒன்றுக்கு மூன்றே முக்காற் சேதம் விளையும். மந்திர வாளினாலோ, 10 வந்தாலும் அடி படும், சேதமும் எட்டரையாகும், ஆகவே வீச்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 4.7 விளையும். 20 விழுந்தால் உண்டாகும் சிறப்புச் சேதத்தைக் கணக்கில் சேர்க்காவிடின், நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு உயர்வு! அன்றியும், அப்பதிப்பின் ஓநாய் மனிதன் போன்ற சில பகைவரை மந்திரமோ வெள்ளியோ அற்ற படைக்கலம் சிறிதும் ஊறுபடுத்தாது. அவரெதிரே மந்திர வாளுக்கும் வெறும் வாளுக்கும் உள்ள வேற்றுமை எண்ணில் அடங்குவதன்று. ஆதலின் வாளை யான் இகழேன். ஆயினும், இக்கணக்கு முழுவதும் போர்க்களத்துக் கணக்கு. போர் நிகழாத நாளில் அவ்வாள் உறையிலேயே உறங்கும்.

வேறு சிலர் விலையைக் காட்டுவர். 2003-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் பொருள்கட்கெல்லாம் பொற்காசில் விலை குறிக்கப்பட்டிருந்தது. வாளில் ஒன்று கூட்டும் மந்திரத்திற்கு 2,000 காசு. தன் அளவிற்கு மிஞ்சிய பொருள்களை அடக்கும் பைகளுள் சிறியதற்கு 2,500. வற்றாது நீர் சுரக்கும் குடுவைக்கு 9,000. இவ்விலைகளை நூலாசிரியர் ஆராய்ந்தே இட்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கதை பாலைவனத்தில் நிகழ்ந்தாலும் ஆற்றங்கரையில் நிகழ்ந்தாலும் குடுவையின் விலை 9,000 தானே? பாலையில் அஃது உயிர். ஆற்றங்கரையில் அதற்குச் சுமையெனவே பெயர்.

இவ்வுண்மையைத் தமிழ் மாணவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கையில் இருந்த அமுதசுரபியை நினைமின். எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரம், நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியபோது ஏற்பாரின்றி நின்றது. அவன் கடல் கடந்து சாவகநாடு செல்லப் புறப்பட்டு, இடையே மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, உண்பார் ஒருவரும் இல்லாத அத்தீவில் அது முற்றிலும் பயனற்றதாயிற்று. பொய்கையில் அதனை இட்டு அவன் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். பாத்திரத்தின் ஆற்றல் அணுவளவும் குறைந்திலது. குறைந்தது அதனை வேண்டி நிற்கும் மக்களே. பொருளின் பயன் பொருளில் மட்டும் இல்லை. அதனைச் சூழ்ந்த தேவையிலும் உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாது?

ஆயின், மந்திரப் பொருளை மதிப்பிடும் முறைதான் என்னை? மூன்று வினாக்களை எழுப்புக என்பேன். முதலாவது, நாம் ஆடும் இக்கதையில் இப்பொருள் எத்தனைமுறை கைக்கு வரும்? 64 கன அடி கொள்ளும் பை, வியப்பு ஏதும் விளைவியாததாயினும், ஒவ்வோர் அமர்விலும் உதவுவது. ஆண்டிற்கு ஒருமுறை எடுக்கும் பெருங்கோலினும் அதுவே மேல். இரண்டாவது, இதன்பொருட்டு இழப்பது யாது? ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, இணக்கம் வேண்டும் பொருள்களுள் ஒருவன் ஒரே காலத்தில் மூன்றனோடு மட்டுமே இணங்கியிருத்தல் கூடும். நான்காவதை ஏற்பவன் மூன்றனுள் ஒன்றைக் கைவிடல் வேண்டும்; அவ்விழப்பும் அப்பொருளின் விலையே. மூன்றாவது, இப்பொருள் ஒருவர் கையில் இருக்குங்கால், மற்றவர் செய்தற்கு யாது எஞ்சும்? இம்மூன்றாம் வினாவையே பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். மூன்றனுள் தலையாயதும் இதுவே.

இதனை யான் பட்டறிந்தேன். யான் நடுவராய் இருந்து நடத்திய ஓர் ஆட்டத்தில், தாழ்ந்த தரத்தது தானே என்று எண்ணிப் பறக்கும் துடைப்பத்தை மந்திரவாதி வேடம் பூண்ட நண்பர்க்கு அளித்தேன். அக்குழுவில் மற்றொரு நண்பர் மதிலேறுதலில் வல்ல கள்வன் ஒருவனைப் படைத்து, அத்திறமையைப் பல அமர்வுகளில் பேணி வளர்த்திருந்தார். அன்றுமுதல் மதிலோ, பள்ளத்தாக்கோ, கோபுரமோ எது வரினும் துடைப்பம் பறந்தது, கயிறு கட்டப்பட்டது, காரியம் முடிந்தது. ஏறுவார் ஏற இடமில்லை. மூன்று அமர்வுகள் அவர் தம் பகடையை விரலால் உருட்டியவாறே வாளா இருந்தார். நான்காம் அமர்விற்கு வரவில்லை. வேறு வேலை உண்டென்று சொல்லியனுப்பினார். உண்மைக் காரணம் எனக்கு விளங்கிற்று. பயனை எண்ணிப் பொருளை அளித்த யான், யாருடைய பயன் என்று எண்ணவில்லை.

கொடுத்ததைப் பறித்தல் முறையன்று. ஆதலின் அந்நண்பரை மீண்டும் அழைத்து, அடுத்த புதையலில் அசையாக் கோல் என்னும் பொருளை அவர் கையில் சேரச் செய்தேன். இஃது ஓர் இரும்புக் கோல். பொத்தானை அழுத்தின், அந்தரத்திலேயாயினும் நிறுத்திய இடத்தில் நிலைத்து நின்று 8,000 இராத்தல் வரை தாங்கும். தரத்தில் துடைப்பத்தோடு ஒத்தது; கூட்டித் தரும் எண் ஒன்றும் இல்லை. ஒருநாள் கோட்டை வாயிலில் இரும்புக் கதவு மேலிருந்து இறங்கத் தொடங்கியது. அவர் பாய்ந்து சென்று அதன்கீழ்க் கோலை நிறுத்தினார். கதவு நின்றது. வீரர் வாளோடு வாயிலைக் காத்தார். மந்திரவாதி காயமுற்ற தோழனைத் துடைப்பத்தில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். அன்று மேசையில் வாளாவிருந்தார் ஒருவரும் இலர். முன்னர்க் குழுவைக் குலைத்த அத்துடைப்பமே அன்று குழுவிற்கு உதவிற்று என்பதனையும் கருதுக.

இதற்கு ஒரு தடை கூறுவாரும் உளர். "வாளின் பயன் நூலில் உள்ளது, கோலின் பயனோ நடுவரின் இசைவில் உள்ளது. அவர் மறுத்தால் கோல் வெறும் இரும்பே" என்பர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆடுவோர் எண்ணியவற்றையெல்லாம் மறுக்கும் நடுவரிடத்து வாளைக் கேட்பதே அறிவுடைமை. ஆனால், கோல் தாங்கும் எடையை நூல் வரையறுத்தே கூறுகின்றது. அதனைப் பெயர்க்கப் பகடையில் எத்துணை அரிய எண் வேண்டும் என்பதனையும் கூறுகின்றது. வரையறை தெளிவாயின், ஆடுவோர் சூழ்ச்சியும் நடுவர் தீர்ப்பும் ஒரே தரையில் நிற்கும். ஆடுவோர் அறிவிற்கு இடந்தாராத நடுவரிடத்துக் குறை பொருளினுடையதன்று.

முடிவாகக் கூறுவது இது. ஆட்டம் நடத்தும் நண்பர்காள்! நும் குழுவிற்குப் பொருள் தேருங்கால் தரவரிசையை இறுதியில் நோக்குமின். மேசையைச் சுற்றி அமர்ந்தோர் முகங்களை முதலில் நோக்குமின். ஆடும் நண்பர்காள்! எனக்கு எத்துணை ஆற்றல் தரும் என்று கேட்பதோடு அமையாது, எம்மனைவர்க்கும் எத்துணை வேலை தரும் என்றும் கேண்மின். அடுத்த அமர்விற்கு ஒருவரும் குறையாமல் வரச்செய்யும் பொருளே மந்திரப் பொருள்களுள் தலைசிறந்தது என்பது எனது துணிபு.