உடலுக்கும் ஒரு ஹக்கு உண்டு

பெருநாள் கழிந்த மறுவாரத்திலோ, மருத்துவர் சர்க்கரை அளவைக் காட்டி எச்சரித்த மறுநாளிலோ, நம்மில் பலர் உடற்பயிற்சிக்கு நிய்யத் வைக்கின்றோம். புதிய காலணி வாங்கப்படுகின்றது. சுபுஹுத் தொழுதுவிட்டு நான்கு நாள் நடக்கின்றோம். ஐந்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் பள்ளிக்கூட வேன் வரவில்லை. ஏழாம் நாள் கடைக்குச் சரக்கு வந்து இறங்குகின்றது. காலணி கட்டிலுக்கு அடியில் போய்விடுகின்றது. பிள்ளைகுட்டிக்காரனுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்ற பெருமூச்சே எஞ்சுகின்றது.

அன்பிற்குரிய வாசகர்களே! அப்பெருமூச்சைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. ஆயினும் உடல் நமக்குச் சொந்தமான பொருளன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கி வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது ஹக்கு உண்டென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். இச்செய்தி புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. வணக்கத்தின் பெயராலேயே உடலின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், வியாபாரத்தின் பெயரால் பறிக்கலாமா?

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கணக்கிட்டது. இதை எழுதுகின்றவனும் கிதாபுகளின் முன் சம்மணமிட்டே ஐம்பது வயதைக் கடந்தவன்தான். ஆகவே இவ்வுபதேசத்தில் பாதி தனக்கே.

தொழுகையே போதுமான தேகப்பயிற்சி அல்லவா என்று கேட்போர் உளர். சில மேடைகளிலும் அவ்வாறு முழங்கப்படுகின்றது. நமக்கு அதில் உடன்பாடில்லை. தொழுகை இபாதத், அதனால் மூட்டுகள் அசைவது உபரிப் பலன். அதனைத் தேகப்பயிற்சியென்று விளம்பரம் செய்வது தொழுகைக்குப் பெருமை சேர்க்காது. உடலுக்கும் அது மட்டும் போதாது. ஆனால் தொழுகையினால் நமக்குக் கிடைத்துள்ள வேறொரு பாக்கியம் உண்டு. அதுதான் வக்து. மனம் விரும்பும்போது தொழலாம் என்று விடப்பட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் தொழுவோம்? பாங்கு சொன்னதும் எழுகின்றோம். ஆர்வம் இருக்கின்றதா என்று அந்நேரத்தில் மனத்தை விசாரிப்பதில்லை. நடையையும் அவ்வாறே ஒரு வக்துடன் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ‘நேரம் கிடைத்தால்’ என்பவன் நடப்பதில்லை. ‘இஷாவுக்குப் பின்’ என்பவன் நடந்துவிடுகின்றான்.

கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கும் இன்று வாகனத்தை முடுக்குகின்றோம். பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்று நபிமொழி இருக்க, அவ்வடிகளை மிச்சம் பிடிப்பானேன்? மதீனாவிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிலுள்ள குபா பள்ளிக்கு, நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் செல்வார்கள். சில வேளை வாகனத்திலும் சில வேளை கால்நடையாகவும்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாயினும் இடைவிடாது செய்யப்படுவதே என்பது நாம் அறிந்த ஹதீஸ். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்கின்றது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்னர் இருந்த விதியை 2020-இல் அந்நிறுவனமே நீக்கிவிட்டது. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேகமாகத் திரும்பும் ஆறு நிமிடமும் கணக்கில் சேரும். ஒருநாள் விடுபட்டால் மனம் தளர வேண்டா. விடுபட்ட நடைக்குக் களாவும் இல்லை, கஃப்பாராவும் இல்லை, மறுநாள் தொடங்கிவிடலாம்.

குழந்தைகள் தடையென்று சொல்வோர் உமாமா (ரலி) அவர்களின் செய்தியை நினைவுகூர வேண்டும். தம் பேத்தியான அச்சிறுமியைச் சுமந்துகொண்டே நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள். ஸஜ்தாவுக்குச் செல்கையில் இறக்கிவிடுவார்கள், எழுகையில் தூக்கிக்கொள்வார்கள். தொழுகையிலேயே இடம் பெற்ற குழந்தைக்கு நம் நடையில் இடமில்லாமற் போகுமா?

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆண்களுக்கே எளிது. இல்லத்தில் உள்ளவர் நிலை என்ன? வாப்பா நடந்துவிட்டு வரும் அரைமணி நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, உளூச் செய்ய வைத்து, மதரஸாவுக்கு அனுப்பி, நாஷ்டாவும் ஆக்கி வைத்திருப்பவர் உம்மா. நாளெல்லாம் நின்று வேலை செய்கின்றாளே, அதுவே பயிற்சிதானே என்று சொல்லிவிடுகின்றோம். அடுப்படியில் நிற்பதால் கால் வீங்கும், நெஞ்சு வலுவடையாது. ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அவருடைய துணைவியாரின் கவனிப்பாரற்ற கோலத்தைக் கண்டே உள்ளிருந்த குறையை உணர்ந்தார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள ஹக்குகளை உரியவாறு கொடுத்துவிடுமாறு அறிவுறுத்தினார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். தம் நடைக்கு நேரம் எடுக்கும் கணவர், அதே அளவு நேரம் பிள்ளைகளைத் தாம் பார்த்துக்கொண்டு மனைவியை அனுப்பி வைக்கட்டும்.

பெண்கள் நடப்பதா என்று புருவம் உயர்த்துவோருக்கு, பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் போட்டி வைத்ததும், அதில் அன்னையார் முந்தியதும், பிற்காலத்தில் அன்னையாரின் உடல் கனத்தபோது நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் உள்ளன. எங்கே நடப்பது என்பதுதான் மெய்யான இடர். ஊர்தோறும் ஜமாஅத்தின் நிக்காஹ் மண்டபங்கள் கலியாணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. சுற்றுச்சுவருள்ள அவ்வளாகங்களை அஸருக்குப் பின் ஒருமணி நேரம் பெண்களுக்கென்று திறந்துவிட நிர்வாகிகள் முன்வருவார்களா? செலவு ஏதுமில்லை, சாவியை வைத்திருக்க நம்பகமான மூதாட்டி ஒருவர் போதும்.