தோப்பை அடகு வைக்கும் முன்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானியாக ஆசைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டில் பேச்செல்லாம் இந்த 200-ஐச் சுற்றித்தான் நடக்கிறது. எந்தப் பள்ளியில் விமானம் அதிகம், எத்தனை மாதத்தில் மணிக்கணக்கு முடியும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். இன்றைய நிலவரத்தில் உரிமம் கைக்கு வருவதற்குள் அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகிவிடுகிறது. ஏர்பஸ்ஸோ போயிங்கோ, ஓட்டப்போகும் ரகத்துக்கான ‘டைப் ரேட்டிங்’ செலவு அதன் பிறகு தனி. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் இவ்வளவு பணம் புரட்ட வேண்டுமென்றால் தென்னந்தோப்புப் பத்திரமோ கோழிப்பண்ணைப் பத்திரமோ வங்கிக்குப் போயாக வேண்டும். ஆனால், பறப்பதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய ‘கிரவுண்ட் ஸ்கூல்’ பற்றி யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. அது ஏதோ தாலி கட்டுவதற்கு முன் நடக்கும் சடங்கு மாதிரி, எப்படியோ முடிந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் வாதம். தரைப் படிப்பு முதலில் முடிய வேண்டும். சொந்த ஊரிலேயே, அரசு நடத்தும் வகுப்பில் முடிய வேண்டும். பத்திரத்தை வெளியே எடுக்கலாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கிரவுண்ட் ஸ்கூலில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளுக்கான பாடங்களைத்தான். ஏர் நேவிகேஷன், வானிலை, விமானச் சட்டதிட்டங்கள், விமானப் பொறிநுட்பம் ஆகிய ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ஓட்டப்போகும் விமானத்தைப் பற்றிய தாளும், வானொலியில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வும் இவற்றோடு சேரும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் ஒழுங்காகப் படித்தவர் மிரள வேண்டியது இதில் எதுவும் இல்லை. உடுமலைக்காரருக்கோ பாதிப் பாடம் கண்ணெதிரே நிற்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்குண்டு, வேகம் கூடி இந்தப் பக்கம் வெளியேறுகிறது. பூளவாடி, குடிமங்கலம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அந்த வேகத்தை நம்பித்தான். வால்பாறையில் மழை கொட்டும் அதே நாளில் உடுமலையில் காய்ந்த காற்று அடிக்கிறதே, அது வானிலைத் தாளில் ஒரு முழு அத்தியாயம். காற்றாலை இலையை அறுத்துப் பார்த்தால் தெரியும் வடிவமும் விமான இறக்கையின் வடிவமும் ஒரே குடும்பம். காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துபோய், தூக்குவிசை விழுந்துவிடும். இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். பழைய ரகக் காற்றாலைகளில் பலவும் கடுங்காற்றில் தம்மைக் காத்துக்கொள்வது இந்த ஸ்டாலைக் கொண்டுதான். விமானத்தில் அதுவே ஆபத்து. கோவை விமான நிலைய ஓடுபாதையின் ஒரு முனைக்கு 05, மறுமுனைக்கு 23 என்று பெயர். காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 50 பாகை, 230 பாகை என்பது அதன் பொருள். 230 பாகை என்பது தென்மேற்கு, அந்தப் பருவக்காற்று வரும் திசை. வாடை, தென்றல், கொண்டல் என்று காற்று வரும் திசையை வைத்தே பெயரிட்ட மொழி நம்முடையது. வானிலை அறிக்கையும் காற்றை அப்படித்தான் குறிக்கிறது.

இந்தப் படிப்பின் எடை என்ன என்று காட்ட ஒரு கணக்கு போதும். சேலம் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே மதுரை இருக்கிறது. வான்வழித் தூரம் சுமார் 117 கடல் மைல். மணிக்கு 100 கடல் மைல், அதாவது 100 நாட் வேகத்தில் போகும் சிறிய பயிற்சி விமானம் ஒன்று தெற்கே மூக்கை வைத்துக் கிளம்புகிறது. மேற்கிலிருந்து 20 நாட் காற்று அடிக்கிறது. ஆடி மாதத்தில் இது பெரிய காற்றே அல்ல. விமானி காற்றைக் கணக்கில் கொள்ளவில்லை என்றால் ஒரு மணி பத்து நிமிடம் கழித்து அவருக்குக் கீழே மதுரை இருக்காது. 23 கடல் மைல், அதாவது 43 கிலோமீட்டர் கிழக்கே தள்ளப்பட்டு, கிட்டத்தட்ட சிவகங்கைக்கு மேல் நிற்பார். மூக்கை எத்தனை பாகை மேற்கே திருப்பி வைக்க வேண்டும், அப்படித் திருப்பினால் தரையைப் பொறுத்த வேகம் எவ்வளவு குறையும், அதற்கு எவ்வளவு எரிபொருள் கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் முக்கோணக் கணக்கு. கரும்பலகையில் இதைப் போட்டுப் பழகச் சுண்ணக்கட்டிச் செலவுதான். அதே கணக்கை முதன்முதலாக மேலே போய்க் கற்றுக்கொள்பவர் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிக்கொண்டு கற்கிறார். படிப்பை முடிக்காமல் பறக்கும் பள்ளியில் சேர்ந்து, தாள்கள் நிலுவையில் நிற்க, விடுதி வாடகையும் வங்கி வட்டியும் ஏறிக்கொண்டே போவதை நல்ல முதலீடு என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வகுப்பறைப் படிப்பு உயிரைக் காப்பாற்றிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் கோழிக்கோட்டைப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 7, ஆடி மாதம், மழை இரவு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கிழக்கு நோக்கிய 10-ஆம் ஓடுபாதையில் இறங்கியது. காற்று மேற்கே இருந்து, அதாவது முதுகுப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. 8,858 அடி நீளமுள்ள ஓடுபாதையில் 4,438 அடி தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். முதுகுக்காற்றில் இறங்கும் தூரம் எவ்வளவு கூடும் என்பது கிரவுண்ட் ஸ்கூலின் ஆரம்பப் பாடம். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தின் கையேடே, முதுகுக்காற்று 2 நாட் கூடினால் தூரத்தில் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. அன்றைய விமானிக்கு இது தெரியாதா? நிச்சயம் தெரியும், நீண்ட அனுபவம் உள்ளவர். விதிப்படியான நடைமுறையைக் கடைப்பிடிக்காததே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை அறிக்கை. ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மீண்டும் மேலெழும்பு என்று துணை விமானி சொல்லியும் அது நடக்கவில்லை என்றும், அவர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அதே அறிக்கை குறிப்பிட்டது. ஆக, தகவல் தெரிந்திருப்பது மட்டும் போதவில்லை. ஒரு விதி ஏன் எழுதப்பட்டது என்பதைத் தானே கணக்குப் போட்டு உணர்ந்தவருக்குத்தான் மூத்தவரை மறுக்கும் துணிவு வரும் என்று நினைக்கிறேன். இந்த விபத்து, படிப்பு வேண்டாம் என்பதற்கான சான்று ஆகாது. எந்த மாதிரிப் படிப்பு வேண்டும் என்பதற்கான சான்று.

அந்த மாதிரிப் படிப்புதான் இங்கே அரிது. தேர்வு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. பழைய கேள்விகளின் தொகுப்பு கையிலிருந்து கைக்கு மாறுகிறது. மனப்பாடம் செய்தால் 70 எட்டிவிடும். நீட் தேர்வுக்குப் பிள்ளைகளை எந்த அச்சில் வார்க்கிறோமோ அதே அச்சுதான் இங்கும். ஐரோப்பாவிலும் இந்த நோய் உண்டு. போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 13 பாடங்கள், குறைந்தது 650 மணி நேர வகுப்பு, 75 சதவீதத் தேர்ச்சி என்று வைத்திருந்தும் கேள்வி வங்கியை உருப்போடுவது நிற்கவில்லை. அதனால் அறிவு, திறன், மனப்பாங்கு மூன்றையும் வகுப்பிலேயே சோதிக்கும் தனிப் பகுதியைப் பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2011-இல் வெளிவந்தது இதைவிட மோசம். மேல்நிலை உரிமத்துக்கான தாள்களின் மதிப்பெண் பட்டியலைப் போலியாகக் கொடுத்துப் பயணிகள் விமானத்தை ஓட்டியவர்கள் அந்த ஆண்டு பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் சிக்கியது, முன்சக்கரம் முதலில் தரையில் படும்படி விமானத்தை இறக்கியதால். பறக்கும் பள்ளிகளின் தரத்தைப் பற்றியும் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாக வெளியிட்ட தரவரிசையில் 35 பள்ளிகள் இருந்தன. ஏ பிரிவில் ஒன்றுகூட இல்லை. 13 பள்ளிகள் பி, 22 பள்ளிகள் சி. அரைக் கோடி போகும் இடத்தின் நிலவரம் இது.

கணினியே விமானத்தை ஓட்டும் காலத்தில் இத்தனை படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏர் பிரான்ஸ் 447 அதற்குப் பதில். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் வேகம் அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானியங்கி, கட்டுப்பாட்டைக் கைவிட்டது. விமானம் நல்ல நிலையில்தான் இருந்தது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டே இருந்ததால் ஸ்டால் ஏற்பட்டு, கடைசிவரை அது ஸ்டால் என்று புரிந்துகொள்ளப்படாமல், கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். தானியங்கி எல்லாவற்றையும் செய்யும் வரை விமானியின் அறிவு தேவைப்படுவதில்லை. அது கையை விரிக்கும் நிமிடத்தில் எடுத்துப் படிக்க நேரம் இருப்பதில்லை.

ஆங்கிலம் என்ற தடை உண்மையானது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவூதி, கசகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் குழுவினரின் ஆங்கிலம் போதாமல் இருந்ததும் அன்று பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. பிற்பாடு சர்வதேச அளவில் விமானிகளுக்கு மொழித் தேர்ச்சி கட்டாயமானது. ஆனால், வானொலி ஆங்கிலம் என்பது மேடை ஆங்கிலம் அல்ல. வரையறுக்கப்பட்ட சில நூறு சொற்றொடர்கள். திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பழகினால் வந்துவிடும். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டால் எதனால் வருகிறது என்பதையே ஆங்கிலத்தில் மட்டும் கேட்டு, பாதி புரிந்து, மீதியை உருப்போடும் தமிழ்வழி மாணவர்தான் உண்மையில் பின்தங்குகிறார். தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் பதில் எழுதவும் பேசவும் பழக்கும் வகுப்பு ஒன்று அவருக்கு வேண்டும். தொலைதூர இணைய வகுப்புகள் நிறைய இருக்கின்றன என்பார்கள். இருக்கட்டும், கையைப் பிடித்துக் கணக்குப் போட வைக்கும் ஆசிரியருக்கு அவை ஈடாகா.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது: வசதி உள்ளவர்களின் ஆசைக்கு ஏன் பொதுப் பணம்? கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் நின்றுபோனபோது உரிமம் வைத்திருந்தவர்களே தெருவில் நின்றார்கள் அல்லவா? 2023-இல் மட்டும் 1,622 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அத்தனை பேருக்கும் உடனே இருக்கை கிடைத்துவிடுவதில்லை. மறுபக்கம், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் இறுகிய கையோடு 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதையும் பார்த்தோம். ஏறி இறங்கும் தொழில் இது. இப்படிப்பட்ட தொழிலில்தான் செலவு குறைந்த படியை முதலில் வைக்க வேண்டும். தரை வகுப்பில் தோற்றால் இழப்பு ஓர் ஆண்டு. பறக்கும் பள்ளியில் தோற்றால் இழப்பு ஒரு தோப்பு. தேறியும் பறக்கப் போகாதவருக்குப் படித்த வானிலையும் நேவிகேஷனும் வீணாவதில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம், விமானப் பயணத்தைத் தரையிலிருந்து திட்டமிடும் ஃப்ளைட் டிஸ்பேட்சர் வேலையும் இதே அறிவில் நிற்கிறது. வசதி உள்ளவர் தனியார் வகுப்பை எப்படியும் தேடிக்கொள்வார். அரசு வகுப்பு இல்லாததால் ஒதுங்கிப்போவது வசதி இல்லாதவர்தான்.

ராணுவச் சீருடைக்கு அரசு பாதை போட்டிருக்கிறது. உடுமலை வட்டத்திலேயே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. சேலம் விமான நிலையத்தில் பறக்கும் பயிற்சிக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. நடுவில் விடுபட்டிருப்பது தரை வகுப்பு. அதற்கு விமானமும் வேண்டாம், ஓடுபாதையும் வேண்டாம். உடுமலை அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் மாலை நேர வகுப்பறை ஒன்றும், கோவைப் பக்கம் ஓய்வுபெற்று வசிக்கும் விமானப்படையினரில் கற்பிக்க விருப்பமுள்ளவர்கள் நான்கு பேரும் போதும். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இதை ஒரு பிரிவாகச் சேர்ப்பது தமிழக அரசுக்குப் பெரிய காரியம் அல்ல. அதுவரை பெற்றோர்களுக்கு ஒன்று: டிஜிசிஏ மருத்துவத் தகுதிச் சான்றும், நேவிகேஷன், வானிலை, சட்டதிட்டம், பொறிநுட்பம் நான்கு தாள்களின் தேர்ச்சியும் பிள்ளையின் கைக்கு வரும் வரை பறக்கும் பள்ளிக்கு முதல் தவணை கட்டாதீர்கள். அந்தத் தேர்வுகளை எழுதப் பறக்கும் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை.