நங்கூரத்திற்கு முன் விழுது



நம் வாலாஜாபாத்தைக் கடக்கும் பாலாறு வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. அத்தகைய முகத்துவாரங்களில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மீன்பிடிக்க விரும்பும் வாலிபர், கனத்த இரும்பே நல்ல நங்கூரம் என்று எண்ணலாகாது. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்துக் கப்பலாட்கள் முதலில் விழுதுவிட்டு ஆழம் பார்த்தார்கள். 20 பாகம், பிறகு 15. அதன்பின்பே பின்னணியத்திலிருந்து 4 நங்கூரங்களைப் போட்டார்கள்.

அடித்தளத்தையும் அறியுங்கள். பாறையைப் பற்றும் கொக்கி நங்கூரம் மணலை உழுதுகொண்டே வரும். மணலுக்கு அகன்ற தகடுள்ளதே ஏற்றது. ஆழம் 3 மீட்டரானால் கயிறு 15 மீட்டருக்குக் குறையலாகாது. இழுப்பு கிடையாக இருந்தால்தான் தகடு மண்ணில் பதியும். கயிற்றைப் படகின் பக்கவாட்டில் ஒருபோதும் கட்டாதிருங்கள், நீரோட்டம் கவிழ்த்துவிடும். முனையில் கட்டி, கையெட்டும் இடத்தில் கத்தி வையுங்கள். அந்தக் கப்பலாட்களும் விடிந்தபின் நங்கூரங்களைக் கடலிலே விட்டுவிட்டே கரையை நோக்கினார்கள்.