காந்தி கொலை: நான்காவது குண்டும் மாதுங்கா எச்சரிக்கையும்

புதுதில்லி: மகாத்மா காந்தியைச் சுட்டது நாதுராம் கோட்சே மட்டும்தானா, வேறொரு துப்பாக்கியிலிருந்து நான்காவது குண்டு பாய்ந்ததா? மும்பையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பங்கஜ் பட்னிஸ் எழுப்பிய இக்கேள்வியை மும்பை உயர் நீதிமன்றம் 2016-ல் ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச் 28-ல் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும், 2020 பிப்ரவரியில் அன்றைய மாநிலங்களவை உறுப்பினர் சுப்பிரமணியன் சுவாமி, பிரேதப் பரிசோதனை ஏன் நடத்தப்படவில்லை எனக் கேட்டு விவாதத்தைப் புதுப்பித்தார்.

மனுதாரரின் வாதம் எளிமையானது. கோட்சேயின் பெரட்டா கைத்துப்பாக்கியில் ஏழு தோட்டாக்களை நிரப்பலாம். நான்கு தோட்டாக்கள் சுடப்படாமல் மீட்கப்பட்டன. எனவே வெடித்தவை மூன்று. ஆனால், சில பத்திரிகைகள் நான்கு குண்டுகள் என்று எழுதின. புகைப்படங்களும் நான்கு காயங்களைக் காட்டுகின்றன. ஆகவே நான்காவது குண்டைச் சுட்டவர் வேறொருவர் என்பதே அவ்வாதம்.

கழித்தல் கணக்கில் பிழையில்லை. 'நான்கு' என்ற எண்ணுக்குத்தான் ஆதாரம் வேண்டும்.

ஒவ்வொரு துப்பாக்கியின் குழலும் தன் வழியே செல்லும் குண்டின் மீது நுண்ணிய கீறல்களைப் பதிக்கிறது. ஊசி முனை, காலி உறையின் அடிப்பகுதியில் தன் தடத்தை விடுகிறது. அதே துப்பாக்கியைச் சோதனைக்காகச் சுட்டு, இரண்டு தடங்களையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பொருத்திப் பார்ப்பதே நிபுணரின் பணி. பஞ்சாபின் பில்லௌர் ஆய்வகத்தில் நடந்த இத்தகைய ஆய்வு, பிர்லா மாளிகையில் கிடைத்த தடயங்களைக் கோட்சேயின் துப்பாக்கியோடு இணைத்தது. வேறொரு துப்பாக்கியின் குண்டோ உறையோ கிடைத்ததாகப் பதிவு இல்லை.

காயங்களின் எண்ணிக்கையும் குண்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பாய்ந்த மூன்று குண்டுகளில் இரண்டு உடலைத் துளைத்து வெளியேறின. ஒன்று உள்ளே தங்கியது. ஆக, மூன்று குண்டுகளே ஐந்து துளைகளை உண்டாக்கும். மடித்துப் போர்த்திய சால்வையில் ஒரே குண்டு பல ஓட்டைகளையும் இடும்.

நினைவும் நம்பத்தக்க சாட்சி அல்ல. இரு முறை சுட்டதாகவே நினைத்ததாகக் கோட்சே கூறினார். பத்திரிகைகள் நான்கு என்றன. தடயங்கள் மூன்று என்றன.

முழுமையான பிரேதப் பரிசோதனை நடைபெறாதது குறையே. ஆனால், ஆவணத்தில் உள்ள இடைவெளி, இரண்டாவது கொலையாளிக்குச் சான்றாகிவிடாது. கென்னடி கொலையில் ஓர் ஒலிப்பதிவை நம்பி, இருவர் சுட்டிருக்கக்கூடும் என 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முடிவு செய்தது. அந்த ஒலிகள் கொலைக்குப் பிந்தியவை என 1982-ல் விஞ்ஞானிகள் குழு மறுத்தது.

சுட்டவர் ஒருவர் என்பதால், சதியில் ஈடுபட்டவரும் ஒருவரே என்றாகாது. 1948 ஜனவரி 20-ல் பிர்லா மாளிகையில் குண்டு வெடிக்கச் செய்து பிடிபட்ட மதன்லால் பாஹ்வா, சதி குறித்து முன்னதாகவே பேராசிரியர் ஜே.சி. ஜெயினிடம் கூறியிருந்தார். தமிழர்கள் நிறைந்த மாதுங்காவின் ரூயா கல்லூரி ஆசிரியர் அவர். மறுநாளே பம்பாய் மாகாணப் பிரதமர் பி.ஜி. கெர், உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாய் ஆகியோரிடம் அவர் தெரிவித்தார். ஒன்பது நாள்களில் காந்தி கொல்லப்பட்டார்.

இத்தகவல் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை ஆராய்ந்த நீதிபதி கபூர் ஆணையம், தனது 1969-ஆம் ஆண்டு அறிக்கையில் தில்லி, பம்பாய் காவல்துறையினரின் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. நாடாளுமன்றம் மீண்டும் விவாதிக்க விரும்பினால், அந்த ஒன்பது நாள்கள் இருக்கின்றன. நான்காவது குண்டைப் பற்றிப் பேச விரும்புவோர், முதலில் அந்தக் குண்டைக் காட்ட வேண்டும்.